பஞ்சு வைக்காத தூளி

தறிக்கு அடியில் ரீட்டா ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்திருப்பாள். இரட்டைத் துணி நெய்கிறவளுக்கு அது இல்லாமல் முடியாது. மேல்துணி கண்ணுக்கு நேரே வளர்கிறது. கீழ்த்துணி அதே தறியில் அதற்கு அடியிலேயே வளர்கிறது, ஆனால் கண்ணில் படாது. கீழே ஒரு நூல் அறுந்தால் மேலே ஒரு சுருக்கம்கூட விழாது. அதனால் நாலு விரல் நெய்வதும், குனிந்து கண்ணாடியில் பார்ப்பதும், மறுபடி நெய்வதுமாக அவள் நாள் போகும்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன ஷெட்டில் நெய்வதெல்லாம் ஃபில்டர் துணிதான். களிமண் கரைசலை மிஷினில் பிழியும்போது தண்ணீர் மட்டும் வெளியேறி மண் உள்ளே நிற்க வேண்டும். அதற்கு ஒற்றைத் துணி தாங்காது. கீழ்த்துணியின் நீளவாட்டு நூலான பாவிலிருந்து அங்கங்கே ஒரு இழையைத் தூக்கி, மேல்துணியின் குறுக்கு நூலான ஊடையைப் பிடித்து இறக்கினால் இரண்டு துணியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நெருக்கமாகப் பிடித்தால் பார்ப்பதற்கு ஒரே கெட்டித் துணி. பிடிக்காமல் விட்டால் இரண்டும் தனித்தனி. ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவை மேலும் கீழுமாகச் சுற்றி ஓட்டினால் இரண்டு ஓரமும் மூடிக் குழாய் ஆகிவிடும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஒரு ஓரம் மூடி, மறு ஓரம் வாய் திறந்து நிற்கும்.

சேலத்தில் கைத்தறி டிப்ளமோ படித்தபோது ரீட்டாவுக்கு இதெல்லாம் விளையாட்டாக இருந்தது. ஒரே தறியில் பையும் வருகிறது, குழாயும் வருகிறது, போர்வையும் வருகிறது என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அன்று காலை அவள் குனிந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டுப் பைக்குள் செல்போன் அடித்தது. நாத்தனார் அன்னாள். மூன்று மாதக் கைக்குழந்தையோடு முந்தின வாரம்தான் கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் புருஷன் வீட்டுக்குப் போயிருந்தாள். மகளுக்குத் துணையாகக் கூடப் போன ரீட்டாவின் மாமியார் ஆக்னஸும் அங்கேதான் இருந்தாள்.

"அண்ணி, வேலையா இருக்கீங்களா?"

"சொல்லு அன்னாளு. பாப்பா என்னா பண்ணுது?"

"குளிக்க வெச்சாச்சு. அம்மா சாம்பிராணி காட்டிக்கிட்டு இருக்குது. இன்னைக்குத்தான் அவங்கப்பன் வூட்டுல மொத தூளி. அண்ணி, நீங்க இம்மாம் பெரிய கள்ளியா இருப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல."

"நான் என்னாடி பண்ணேன்?"

"தெரியாத மாதிரி கேக்குறதப் பாரு! உள்ள வெள்ளை, வெளியே நீலம். அண்ணன் நேத்து சாயந்திரம் கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு. என்னா மெத்து மெத்துன்னு இருக்குது."

ரீட்டாவின் கை நாடாவின் மேல் அப்படியே நின்றது.

"அதுவும் மூடி வெச்ச தூளி! கட்டிப் பாத்துட்டோம். ஓரத்துல ரெண்டா பிரிஞ்சிக்குது. நடுவுல புள்ளையப் போட்டா மேல்துணி தானா வந்து மூடிக்குது. ஈ, கொசு எதுவும் அண்டாது. ஒங்க மூள யாருக்கு வரும் அண்ணி! பால் குடுத்துட்டு அதுக்குள்ளதான் போடப் போறோம்."

"வேணாம் அன்னாளு, உள்ளாற போடாத. நான் சொல்றதக் கேளு, அது வந்து..."

"யாரு, ரீட்டாவா? இங்க குடு." போன் கைமாறியது. ஆக்னஸின் குரல். "என்னாம்மா போடாத? குடுத்ததத் திருப்பிக் கேக்குறியா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"அத்தை, அந்தத் துணி வேணாம் அத்தை. பழைய பொடவை ஒண்ணக் கட்டுங்க. அது இன்னும் முடிக்கல."

"முடிக்காததே இந்த அழகுல இருக்குதா? முடிச்சா ராஜா வூட்டுக்குத்தான் அனுப்பணும்." பிறகு குரல் தாழ்ந்தது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவது தெரிந்தது. "இங்க பாரு ரீட்டா. புள்ள தூளிக்குப் போற நேரத்துல வேணாம், போடாதன்னு ஒன் வாயால சொல்லாத. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். கேக்குறவங்க நெனைப்பாங்க. ஆறு வருஷமா மடி நெறையாதவ கண்ணு வெச்சான்னு பேச்சு வரும். ஒனக்கு எதுக்கு அது?"

"அத்தை, ஒரு நிமிஷம்..."

"போன ஆஃப் பண்ணு அன்னாளு. புள்ள அசர்ற நேரத்துல அது பாட்டுக்குக் கத்தும்."

போன் அடங்கிவிட்டது.

ரீட்டா மறுபடி எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் பொறுமையாகச் சொன்னது. அழுத்தினாள். அதே குரல், அதே பொறுமை. அந்த வீட்டில் வேறு போன் கிடையாது. பக்கத்து வீடுகளுக்குச் சொல்லி அனுப்பலாம் என்றால் பக்கத்து வீடுகளே இல்லை. சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிறார்கள் என்று பாதித் தெரு காலி செய்து போய்விட்டது. அன்னாளின் புருஷன் சாவியோ மட்டும் இன்னும் பிடிவாதமாக அங்கே குடியிருந்தான்.

முதல் வார்த்தையிலேயே சொல்லியிருக்க வேண்டும். பாப்பாவுக்கு மூச்சு முட்டிவிடும் என்று கத்தியிருக்க வேண்டும். அந்தச் சொல்லை எடுக்க நாக்கு பயந்தது. பால் குடிக்க எவ்வளவு நேரமாகும்? பாப்பா மெதுவாகத்தான் குடிக்கும், நடுவில் தூங்கிவிடும், எழுப்பிக் கொடுக்க வேண்டும். மெதுவாகக் குடிடி தங்கம் என்று ரீட்டா வாய்விட்டுச் சொன்னாள். செருப்பைத் தேடக்கூட இல்லை. தெருவில் இறங்கி ஓடினாள்.

புருஷன் ஜஸ்டின் வேலை பார்க்கும் செராமிக் யூனிட் இரண்டு தெரு தள்ளி. மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர்களைச் சூளையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெந்த மண்ணின் சூடு வாசலிலேயே முகத்தில் அடித்தது. அவள் ஓடி வருவதை முதலில் பார்த்தது ஜஸ்டினோடு வேலை செய்யும் ஞானதாஸ்தான்.

"டேய் ஜஸ்டினு, ஒம் பொண்டாட்டி சூளைக்கே வந்துட்டாங்க. காலையில கொழம்புல உப்பு இல்லன்னு சொன்னியா? செத்தடா நீ."

நாலு பேர் சிரித்தார்கள். ரீட்டாவின் வெறுங்காலைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

"வண்டிய எடுங்க," என்றாள். அதற்கு மேல் மூச்சு வரவில்லை. "அன்னாளு வூட்டுக்கு. வழியில சொல்றேன். எடுங்க."

கையில் ஒட்டியிருந்த மண்ணோடேயே ஜஸ்டின் வண்டியை எடுத்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அந்த ஒரு குணத்துக்காகவே அவனைக் கட்டிக்கொண்டதாக ரீட்டா பல முறை நினைத்ததுண்டு. இன்று அதை நினைக்க நேரமில்லை.

ஊர் எல்லையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரிகளும் ஒரு தனியார் பஸ்ஸும் வரிசையாக நின்றன. பஸ்ஸில் ஒரு பெண்ணின் மடியில் கைக்குழந்தை ஒன்று வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. ரீட்டாவால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"இப்ப சொல்லு," என்றான் ஜஸ்டின்.

"டிரங்குப் பொட்டியில, பழைய பொடவைக்கு அடியில இருந்துச்சே. அத ஏங்க எடுத்தீங்க?"

"அன்னாளுக்குன்னுதானே நெய்ஞ்ச? புள்ளைக்கு அத்தை சீரு. நீயா குடுக்கக் கூச்சப்படுறன்னு நெனச்சு நானே கொண்டு போய்க் குடுத்தேன். தப்பா?"

"அது ரெண்டு துணிங்க." அவள் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அவன் முன்னால் நீட்டினாள். "ஒண்ணு மேல ஒண்ணு. கயிறு கட்டற ரெண்டு தலைப்புலயும் சேத்து நெய்ஞ்சிருக்கேன். நடுவுல சேக்கல. ஒரு ஓரம் மூடி, ஒரு ஓரம் தொறந்து கெடக்குது. அது பைங்க. பாப்பாவ அந்தப் பைக்குள்ள போடப் போறாங்க. தூளி கட்டித் தொங்கவிட்டா கனத்துக்கு ஓரம் இறுகிடும். வாய் மூடிக்கும். கெட்டித் துணி. நான்தான் கெட்டியா அடிச்சு நெய்ஞ்சேன்."

ஜஸ்டினின் முகத்தில் இருந்த சூளைச் சிவப்பு அவள் கண்ணெதிரே வடிந்தது.

"எதுக்கு ரீட்டா பை மாதிரி..."

"பஞ்சு வெக்க. எலவம் பஞ்சு வெச்சுத் தெச்சுட்டா கீழ மெத்தையோட தூளி ஆயிடும். பஞ்சு வெக்கல. வாங்க பயமா இருந்துச்சு."

புள்ளை வயிற்றில் தங்குவதற்கு முன்னால் எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டில் எழுதாத சட்டம். வளைகாப்பு வரைக்கும் ஒரு சட்டை, ஒரு கிலுகிலுப்பை வீட்டுக்குள் வராது. ரீட்டா துணியை வாங்கவில்லை, நெய்தாள். ஃபில்டர் துணிக்கு ஓட்டிய பாவு முடிந்து, தறி சும்மா கிடந்த மதிய வேளைகளில் மெல்லிய பருத்தி நூலைக் கோத்து, யாரும் இல்லாதபோது நெய்தாள். அது தூளி என்று அவள் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

"அன்னாளுக்குன்னா எதுக்குங்க ஒளிச்சு வெக்கப் போறேன்?"

நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி தடதடவென்று வந்தது. பெட்டிக்கு மேல் பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் ஜஸ்டின் திரும்பி அவளைப் பார்த்து ஒரே ஒரு சொல் கேட்டான். சத்தம் கேட்கவில்லை. உதடு அசைந்ததில் தெரிந்தது. நமக்கா?

அவள் அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

கேட் முழுசாகத் தூக்குவதற்குள் வண்டி அடியில் புகுந்து பறந்தது. கம்மாபுரம் தாண்டியதும் சுரங்கத்து மண்மேடு வானத்தை மறைத்தது. வழக்கமாகப் போகும் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போக வேண்டும். கூரை பிரித்த வீடுகள், கதவு இல்லாத வாசல்கள். ஒரு மனுஷ முகம் இல்லை. ரீட்டா வழியெல்லாம் மாதாவிடம் பேசிக்கொண்டே வந்தாள். ஜெபமாக ஒன்றும் வரவில்லை. அது பால் குடிச்சிக்கிட்டே இருக்கட்டும், தாயே, குடிச்சிக்கிட்டே இருக்கட்டும். திரும்பத் திரும்ப அது மட்டும்தான்.

வாசலில் சாவியோவின் வண்டி இல்லை. கறி வாங்கப் போயிருந்தான். பின்கட்டில் அன்னாள் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. பால் கொடுத்து முடித்தாகிவிட்டது என்பதற்கு அந்தச் சத்தமே போதும்.

கூடத்து நடுவில் உத்தரத்தில் இருந்து தூளி தொங்கியது. நீலம். ஆக்னஸ் கீழே உட்கார்ந்து தூளிக் கயிற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெல்ல வாங்க. இப்பத்தான் அடங்குச்சு. இவ்ளோ நேரம் மொனகிக்கிட்டே கெடந்துச்சு."

ரீட்டா தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் இல்லை. வெள்ளைத் துணி மட்டும் இருந்தது. அதில் ஒரு சின்ன மேடு. அந்த மேடு அசையவில்லை.

கையை ஓரத்தில் விட்டாள். உள்ளே போகவில்லை. மூடிய ஓரம். அவளே நெருக்கி அடித்த நெசவு, விரல் நுழைய இடம் கொடுக்காமல் நின்றது. துணியைத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். வாய் சுவர்ப் பக்கம் இருக்கிறது. அவள் தூளியைச் சுற்றி ஓடினாள். அந்த ஓரம் கனத்தில் இழுபட்டு இரண்டு துணியும் உதடு கடித்தது போல இறுகியிருந்தன.

"என்னா பண்ற ரீட்டா, எழுந்துடப் போவுது..."

"கீழயிருந்து தூக்குங்க!" என்று அவள் அலறியது ஜஸ்டினைப் பார்த்து. அவன் இரண்டு கையையும் தூளிக்கு அடியில் கொடுத்துக் கனத்தைத் தாங்கினான். ஓரம் தளர்ந்தது. ரீட்டா முழங்கை வரை உள்ளே விட்டாள். உள்ளே சூடாக, ஈரமாக இருந்தது. ஒரு கால் அகப்பட்டது. அதைப் பற்றி, இடுப்பைப் பற்றி, வெளியே இழுத்தாள்.

பாப்பாவின் தலைமுடி வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. உதடு கறுத்திருந்தது. கழுத்து இந்தப் பக்கம் சாய்ந்தது, நிமிர்த்தினால் அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஆக்னஸ் அங்கேயே மண்டியிட்டாள். பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

ரீட்டா குழந்தையின் முகத்தில் ஊதினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். முதுகைத் தேய்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி சுண்டினாள், வலிக்கட்டும் என்று. ஜஸ்டின் "பாப்பா, பாப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். பின்கட்டு வாசலில் ஈரக்கையோடு வந்து நின்ற அன்னாள் கத்தக்கூட இல்லை. சேலையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

குழந்தை ஒரு முறை விக்கியது. வாய் ஓரத்தில் பால் வழிந்தது. இருமியது. பிறகு அந்தக் காலித் தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதது.

அன்னாள் பறித்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நர்ஸம்மா குழாய் வைத்துக் கேட்டு, கண்ணை விரித்துப் பார்த்து, சாயந்திரம் வரை படுக்க வைத்துவிட்டு, பயமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றாள். சாவியோ வந்து சேர்ந்தான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்று அழுதான்.

திரும்பி வந்தபோது தூளி இன்னும் உத்தரத்தில் தொங்கியது. யாரும் அதன் பக்கம் போகவில்லை.

"நான்தான் ஆட்டுனேன்," என்றாள் ஆக்னஸ். "மொனகுதேன்னு இன்னும் வேகமா ஆட்டுனேன். அவ வேணாம்னு சொன்னா. நான் வாய மூடுன்னேன்."

"எனக்கும் சொல்லத் தெரியல அத்தை."

அன்னாள் மடியில் குழந்தை தூங்கியது. அதன் மூக்குக்கு நேரே ஒரு விரலை வைத்தபடியே அவள் நிமிர்ந்தாள். "அண்ணி, கோவத்துல கேக்கல. எதுக்கு அண்ணி இத இப்படி நெய்ஞ்சீங்க?"

ஜஸ்டின் சொன்னான். "உள்ள பஞ்சு வெக்கறதுக்கு. அது ஒனக்கு நெய்ஞ்சது இல்ல அன்னாளு. நான் தெரியாம எடுத்தாந்துட்டேன்."

"அப்ப யாருக்கு..." என்று ஆரம்பித்த அன்னாள், அண்ணனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஆக்னஸ் தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தாள். இப்போது சொல்லப் போகிறாள், இல்லாத புள்ளைக்கு முன்னாலேயே தூளி நெய்கிற தைரியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கப் போகிறாள் என்று ரீட்டா காத்திருந்தாள். ஆக்னஸின் பார்வை மறுபடி தூளிக்குப் போனது.

ரீட்டா எழுந்து முடிச்சை அவிழ்த்துத் துணியை இறக்கினாள். அன்னாளிடம் ஊசியும் நூலும் கேட்டு வாங்கினாள். நூல் ஊசிக் காதில் நுழையவில்லை. ஜஸ்டின் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசியை வாங்கி, மண் காய்ந்து வெடித்த விரல்களால் கோத்துக் கொடுத்தான்.

அவள் திறந்த ஓரத்தை ஒரு முனையிலிருந்து தைக்க ஆரம்பித்தாள். தைத்த இடத்தையெல்லாம் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டாள். ஆக்னஸ் நகர்ந்து வந்து, துணியின் மறுமுனையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நீலத்தையும் வெள்ளையையும் விரலால் பிரித்து நடுவில் தடவினாள்.

"ஸ்ரீமுஷ்ணம் சந்தையில நல்ல எலவம் பஞ்சு வரும்," என்றாள். குரல் கரகரத்தது. "பஞ்சு வெக்காம தெக்கிறியே. அப்புறம் பிரிக்கணுமே."

"பிரிச்சிக்கலாம் அத்தை," என்றாள் ரீட்டா, ஊசியை நிறுத்தாமல். "இப்ப மூடணும்."